பெரியப்பாவின் அந்தியேட்டி – ஸ்காபரோ குறூப்

தர்சி: அப்பான்ர பேஸ்மென்ற் துப்பரவாக்கேக்க தேவாரப் புத்தகத்துக்கை கிடந்தது. 📷 ஐஸ் ஹொக்கிக்காரன்ர படம் போட்ட கார்ட். எறியட்டோ?

குகன் அண்ணா: எறியாதை!!

வசந்தி மாமி: அந்தியேட்டிக்கு ஹோல் ஆர் புக் பண்ணினது?

குகன் அண்ணா: தர்சி, கீழ என்ன பேர்?

தர்சி: ரிம் ஹோட்டன். கோப்பிக் கடை விளம்பரமாக்கும்.

குகன் அண்ணா: விளம்பரம் இல்லை பிள்ளை. அந்த மனுசன்ர பேரைத்தான் கடைக்கு வைச்சது. ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸுக்கு டிஃபென்ஸ் விளையாடினவர். 1962, 63, 64, 67 நாலு ஸ்ரான்லி கப்பும் (ஹொக்கிச் சம்பியன் கப்) அவர் ரீமில இருக்கேக்க எடுத்தது. பிறகு லீஃப்ஸுக்குக் கப்பே இல்லை. அடிமட்டம் வைச்சு நீளத்தை அளந்து சொல்லு.

தர்சி: நாலே முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு

குகன் அண்ணா: அப்ப 1964-65 ரொப்ஸ் கொம்பனி அடிச்ச கார்ட்! மற்றதுகள் மூண்டரை அங்குலம்தான். அந்தக் காலத்து ஹொக்கி கார்டில அந்த வரிசை மட்டும் இப்பிடி நெட்டை, மொத்தம் 110 கார்ட். நீளமெண்டபடியால் மூலை கெதியா மடங்கிப்போம், சுத்தமானது கிடைக்கிறது கஷ்டம். ஹமில்ரனில அவற்ற முதல் கோப்பிக் கடை திறந்ததும் அதே 1964 தான். அப்ப ஹொக்கிச் சம்பளம் பெரிசில்லை, கால் ஓய்ஞ்சா வீட்டுக்கு ஒரு வருமானம் வேணுமெண்டு துடங்கினது.

ராசன் சித்தப்பா: எவ்வளவு போகும்?

வசந்தி மாமி: ஹோல்???

தர்சி: ஒரு மூலை வெள்ளையாப் போட்டுது. நடுவில றப்பர் பாண்ட் தடம்.

குகன் அண்ணா: துடைக்காதை, லமினேற் பண்ணாதை. விலையை விடுங்கோ சித்தப்பா. லீஃப்ஸ் 1970இல அவரை நியூயோர்க் ரீமுக்குக் குடுத்திட்டுது. பிறகு பிற்ஸ்பேர்க், பஃபலோ. வழமையான சீசனில மொத்தம் 1,446 மச். அதில 486 மச் ஒண்டும் விடாமல் துடர்ந்து. ஐஸில ஆரும் சண்டை பிடிச்சால் கட்டிப்பிடிச்சு அசையவிடாமல் வைச்சிருப்பாராம், அவ்வளவு பலம். 1974 மாசி 20 இரவு இஞ்ச ரொறன்ரோவில பஃபலோவுக்காக லீஃப்ஸுக்கு எதிரா விளையாடிப்போட்டு, தனியக் கார் ஓடி பஃபலோ போகேக்க விடியப்புறம் சென் கத்தரின்ஸில அக்சிடென்ற். 44 வயசு.

வசந்தி மாமி: ஐயோ. பிள்ளையள்?

குகன் அண்ணா: நாலும் பொம்பிளைப் பிள்ளையள் மாமி. கடையில அவற்ற பங்கை அடுத்த வருசம் பங்காளி ஒரு மில்லியனுக்கு வாங்கினவர். இப்ப பாருங்கோ, எத்தினை ஆயிரம் கடை.

ராசன் சித்தப்பா: பங்காளி எண்டால் அப்பிடித்தான். 94ஆம் ஆண்டுச் சீட்டுக் காசை நான் இப்ப கதைக்கேல்லை.

வசந்தி மாமி: கதைச்சுப்போட்டு கதைக்கேல்லையாம்

பெரியம்மா: சீட்டுக் கதை வேண்டாம். அந்தக் கார்ட் இவரோட பக்ரறியில நைற் சிவ்ற் செய்த வெள்ளைக் கிழவர் பென்சனில போகேக்க குடுத்தது. வேலை முடிய ரெண்டு பேரும் அந்தக் கடையிலதான் கோப்பி. இவருக்கு அப்ப இங்கிலீசு வராது. கார்டைக் காட்டி, பிறகு கடைப் போர்டைக் காட்டி விளங்கப்படுத்தினவராம். நான் எத்தினை தரம் கேட்டிருப்பன் இந்தக் கதை.

தர்சி: அம்மா எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே 😢

பெரியம்மா: நீ எங்க கேட்டனி

ராசன் சித்தப்பா: வித்தால் ஹோல் காசுக்காவது உதவும்

குகன் அண்ணா: தடம் விழுந்த கார்ட் அவ்வளவுக்குப் போகாது. கிறேடிங் குடுத்தால் தரம் பாத்து, பிளாஸ்ரிக்கில அடைச்சு நம்பரோட தருவினம், வீட்டிலயே வைச்சிருக்கலாம். செலவு என்ர.

தர்சி: எங்கட வீட்டிலதானே அண்ணா?

வசந்தி மாமி: வடை 200ஓ 300ஓ? கடைக்காரன் லைனில நிக்கிறான்

ராசன் சித்தப்பா: 300. போனமுறை காணேல்லை.

பெரியம்மா: போனமுறை நீதான் பெட்டியோட கொண்டு போனனி. ஞாயிறு எல்லாரும் வாங்கோ, கார்டைப் பற்றிக் கதைப்பம்.

வசந்தி மாமி: ஞாயிறு நான் மார்க்கம் கலியாணம். ஹோல் ஆர் புக் பண்ணுறது எண்டு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை.