பூனை, டஸ்ட் மைட் அலர்ஜி உள்ள வீட்டில் மீன் தொட்டி வைக்கலாமா?

மகளுக்கு 8 வயது, ஆஸ்துமா. அலர்ஜிக்கான ஸ்கின் பிரிக் டெஸ்டில் பூனை, டஸ்ட் மைட் (வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய பூச்சி) இரண்டும் பாசிட்டிவ். வீடு கோவையில், ஃபிளாட்.

தை மாசம் பூனை வந்ததிலிருந்து தும்மல், கண் அரிப்பு, ராத்திரியில் வீசிங். காற்றை வடிகட்டும் ஹெப்பா ஃபில்டர் ஓட்டினோம், பெட்ஷீட்டை வெந்நீரில் துவைத்தோம், பெட்ரூமுக்குள் பூனையை விடவில்லை. அடங்கவில்லை. எச்சிலிலும் தோலிலும் சுரக்கும் புரதம்தான் காரணம் என்பதால் முடியில்லாத பூனையும் உதவாது. பூனை இப்போது தங்கை வீட்டில்.

முயல் என்றால் வைக்கோல் தூசி, பறவை என்றால் இறகுத் தூள். பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை வளர்ப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். மிச்சம் மீன்தான். மீனுக்குப் போடும் காய்ந்த ரத்தப்புழுவே அலர்ஜி கிளப்பும், அதனால் பெல்லட் மட்டும் போடுவோம். பயமெல்லாம் ஈரப்பதம்தான், அது கூடினால் மைட் பெருகும், ஈரப்பதம் அளக்கும் ஹைக்ரோமீட்டர் இப்போதே 60 சதவீதத்தைத் தொடுகிறது.

ஹாலில் கண்ணாடி மூடி போட்ட 2 அடி தொட்டி வைத்திருப்பவர்களே, ஈரப்பதம் எவ்வளவு ஏறியது?