கச்சான் (நிலக்கடலை) உடைக்கும் மெசினுக்கு மானியம் கேட்டு இரண்டு தரம் தோற்றுவிட்டோம். எங்கே பிழை?

ஒட்டுசுட்டான் செயலாளர்:

எல்லோருக்கும் வணக்கம். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு சின்னக் கிராமத்து மாதர் சங்கத்துக்கு நான் செயலாளர். 38 பேர் உறுப்பினர்கள், அதில் 21 பெண் தலைமைத்துவக் குடும்பம். காலபோக மழையோடு மேட்டுக்காணியில் கச்சான் போடுவோம். பிடுங்கி, காயவைத்து, கோதோடு மூட்டை கட்டி, வாசலுக்கு வரும் வியாபாரிக்குக் கொடுப்போம். அவர் சொல்வதுதான் விலை. பிறகு பஸ்ஸில் போகும்போது முறிகண்டியில் இறங்கி வறுத்த கச்சான் காசு கொடுத்து வாங்குகிறோம். எங்கள் வளவுக் கச்சானாகவும் இருக்கலாம், யார் கண்டது.

உடைக்கும் மெசின், வறுக்கும் அடுப்பு, பை ஒட்டும் மெசின், காயவைக்கத் தறப்பாள், இரண்டு பேருக்கு ஒரு வருடச் சம்பளம். இதற்குத்தான் இரண்டு இடத்தில் மானியம் கேட்டோம். முதல் விண்ணப்பம் 14 பக்கம். 2008 இல் போருக்குள் வெளிக்கிட்டு ஓடியது, முகாம், திரும்பி வந்து தறப்பாள் கொட்டிலில் இருந்தது எல்லாம் எழுதினேன். எழுதின இரண்டு இரவும் அழுதேன். பதில் இரண்டு வரியில் வந்தது.

இரண்டாம் தரம், தெரிந்த தம்பி ஒருவர் வேறு சங்கத்தின் விண்ணப்பத்தைத் தந்தார். அதைப் பார்த்து மாற்றி ஆங்கிலத்தில் அனுப்பினோம். ஒரு கிழமை கழித்து எடுத்துப் பார்த்தால் ஆறாம் பக்கத்தில் 'மட்டக்களப்பு மீனவப் பெண்கள்' என்று அப்படியே கிடக்கிறது. அதற்குப் பதிலே வரவில்லை. வந்திருந்தால்தான் அதிசயம்.

இப்போது தலைவி "உனக்கு வேற வேலை இல்லையோ" என்கிறா. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், என்ன எழுதினால் தருவார்கள்?

பரந்தன் அக்கா:

தங்கச்சி, மட்டக்களப்பு விசயத்தை நினைத்து வெட்கப்பட வேண்டாம். நான் கிளிநொச்சியில் 11 வருடம் திட்ட அலுவலராக இருந்தவள். அதில் ஆறு வருடம் வருகிற விண்ணப்பங்களை முதல் தட்டில் அரிப்பதுதான் என் வேலை. ஊர்ப் பெயர் மாறிக் கிடப்பதை மாதம் ஒன்றாவது பார்ப்போம். ஒருமுறை எங்களிடம் வந்த விண்ணப்பத்தில் நன்றி சொல்லியிருந்தது வேறு நிறுவனத்துக்கு.

முதலில் வாசிக்கிறவரின் பக்கம் எப்படி என்று சொல்கிறேன். மேசையில் அறுபது எழுபது கிடக்கும். முதல் பக்கத்தைப் பார்ப்பேன், அடுத்து நேரே பட்ஜெட்டுக்குப் போவேன். இரண்டும் ஒன்றோடொன்று கதைத்தால்தான் நடுப்பக்கம். முதல் பக்கத்தில் கச்சான் என்று இருந்து, பட்ஜெட்டில் பாதி சம்பளமும் பயிற்சிப் பட்டறைச் சாப்பாடுமாக இருந்தால் அங்கேயே விளங்கிவிடும்.

உங்கள் 14 பக்கத்தைப் பற்றி. அழுதுகொண்டு எழுதினேன் என்கிறீர்கள், எனக்கு விளங்குது. நானும் அதே வீதியால் நடந்து வந்தவள்தான். ஆனால் அந்த மேசையில் இருக்கும் அறுபது விண்ணப்பத்திலும் அதே வருடம், அதே முகாம், அதே கொட்டில் இருக்கும். வன்னியில் யாருக்கு அந்தக் கதை இல்லை? வாசிக்கிறவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. அவருக்குத் தெரிய வேண்டியது மெசின் வந்த பிறகு உங்கள் ஊரில் எது மாறும் என்பது. அது 14 பக்கத்தில் எத்தனையாவது பக்கத்தில் இருந்தது? எண்ணிப் பாருங்கள்.

இன்றைக்கும் மறக்காத ஒரு விண்ணப்பம் பூநகரிப் பக்கம் ஒரு சங்கத்திடமிருந்து வந்தது. தமிழில், கையெழுத்தில், கொப்பித் தாளில் மூன்று பக்கம். கிணறு ஆடி மாதத்தில் உவர்த்துவிடும் என்று ஒரு வரி. போன வருடம் எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை பவுசர் தண்ணீர் வாங்கினோம், ஒரு வீட்டுக்குக் கிழமைக்கு எத்தனை பரல், என்ன காசு என்று ஒரு சின்ன அட்டவணை. கீழே பவுசர்காரர் எழுதிக் கொடுத்த துண்டுகளை ஊசி குத்தி இணைத்திருந்தார்கள். மழைநீர்த் தாங்கி கட்டினால் அந்தக் காசு எதற்குப் போகும் என்பதையும் எழுதியிருந்தார்கள்: பிள்ளைகளின் ரியூசனுக்கு. போர் என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. எங்கள் குழுவில் ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. அதை நாங்களே ஆங்கிலத்தில் மாற்றி மேலே அனுப்பினோம்.

ஆகவே ஒரு வேலை தருகிறேன், செய்துவிட்டு வந்து எழுதுங்கள். இந்த முறை எத்தனை வீடு கச்சான் போட்டது, எத்தனை கிலோ விற்றது, என்ன விலைக்கு? நாலு பேரை இருத்தி, ஒரு மணித்தியாலம் கையால் உடைக்க வைத்து நிறுத்துப் பாருங்கள். மெசின் எங்கே நிற்கும்? அந்தக் காணி யாருடைய பெயரில்? அங்கே கரண்ட் வீட்டுக்கு வருகிற சிங்கிள் பேஸா, பெரிய மோட்டர் ஓட்டுகிற திறீ பேஸா? பெல்ட் அறுந்தால் யார் காசு?

கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாமல் ஓடாமல் கிடக்கும் மெசின்கள் நான் வேலை செய்த இடங்களில் எத்தனையோ. போய்ப் பார்த்தால் மேலே கோழி அடை காக்கும்.

வவுனியா கணக்கர்:

அக்கா சொன்னதோடு என் பங்குக்கு ஒன்று. எங்கள் சங்கம் 2021 கடைசியில் ஒரு களஞ்சியத்துக்கு ஒப்பந்தம் போட்டது, முழுக்க ரூபாய்க் கணக்கில். 2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாயை மிதக்க விட்டது, அதாவது டொலர் விலையைப் பிடித்து வைப்பதை நிறுத்தியது. இருநூறு ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 வரை போனது. சீமெந்து, கம்பி, தகரம் ஒன்றும் பழைய விலைக்கு இல்லை. கொடுத்தவர்கள் மேலதிகமாகத் தர ஏலாது என்றுவிட்டார்கள். தூண் எழும்பிவிட்டது, கூரை இல்லை. இரண்டு மாரி ஆடு கட்டினோம்.

அதற்குப் பிறகு நான் எந்த விண்ணப்பத்திலும் மூன்று விசயத்தை விடமாட்டேன். கொட்டேசன் (கடையின் விலைக்கடிதம்) எடுத்தால் அது எத்தனை நாளைக்குச் செல்லும் என்று கடைக்காரரைக் கொண்டே எழுதுவிப்பேன். விலையேற்றத்துக்கு ஒரு வரி ஒதுக்கச் சில நிதிகள் விடும், சில விடாது, அதை முதலே கேட்டுவிடுவேன். விடாது என்றால் விலை ஏறினால் எதைக் குறைப்போம் என்று அடிக்குறிப்பு போடுவேன். பணம் கொடுக்கிறவருக்கு அந்த அடிக்குறிப்பு பிடிக்கும்.

அப்புறம் உங்கள் பங்களிப்பு. கையில் காசு இல்லை என்று அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். சிரமதானம் செய்தால் ஊரில் ஓடும் நாட்கூலியைப் போட்டுக் கணக்குக் காட்டலாம். வேலைக்கு வந்தவர்களின் வரவுப் பதிவில் கையெழுத்து இருக்க வேண்டும், பிறகு ஓடித்திரிந்து வாங்க முடியாது.

நெடுங்கேணியான்:

இதெல்லாம் சொல்லக் கேட்க நல்லாயிருக்கு. நடப்பது வேறு. கொழும்பில் ஆள் தெரிந்தவனுக்கும் ஆங்கிலம் தெரிந்தவனுக்கும்தான் கிடைக்கிறது. எங்கள் ஊர் விவசாய சம்மேளனம் நாலு தரம் போட்டுக் கைவிட்டது. பக்கத்து ஊரில் பதிவு மட்டும் இருக்கும் ஒரு சங்கத்துக்கு இரண்டு தரம் வந்தது. கூட்டமே கூடாத சங்கம்!

பரந்தன் அக்கா:

நெடுங்கேணித் தம்பி, பாதி உண்மை. அதை மறுத்தால் நான் பொய்க்காரி. ஆள் தெரிந்தால் கதவு கெதியாகத் திறக்கும், கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் ஆறு வருடத்தில் நான் ஒதுக்கி வைத்ததில் பாதிக்கு மேல் வேறொரு காரணம்: அந்த நிதி கொடுக்காத ஒன்றைக் கேட்டிருந்தார்கள். அதற்கு ஆளும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம். நிதியின் விதிமுறைத் தாளை ஒருவரைக் கொண்டு தமிழில் வாசிப்பித்துக் கேட்டாலே போதும்.

ஜப்பான் தூதரகத்தின் அடிமட்ட மனிதப் பாதுகாப்பு மானியத்தை எடுங்கள். கட்டடம், இயந்திரம், உபகரணம் என்றால் பார்ப்பார்கள். சம்பளம், நாளாந்தச் செலவு என்றால் கொடுக்கமாட்டார்கள். கனடாவின் உள்ளூர் முயற்சிகளுக்கான நிதியில் பெண்களுக்கு என்ன மாற்றம் வரும் என்ற கேள்வியைத் தப்பிப் போக முடியாது. 'பெண்கள் பயனடைவர்' என்ற ஒற்றை வரி அங்கே எடுபடாது, காசு யார் கையில் வரும், கூட்டத்தில் யார் முடிவெடுப்பார் என்றெல்லாம் எழுத வேண்டும். ஐநா அபிவிருத்தித் திட்டம் நடத்துகிற உலகச் சுற்றாடல் வசதி (GEF) என்ற நிதியத்தின் சிறு மானியம் 1992 முதல் இருக்கிறது, அது சுற்றாடலுக்கு. மண்ணரிப்பு, காடு, காலநிலை என்று உங்கள் வேலையில் உண்மையாக ஏதாவது இருந்தால் போங்கள். மெசினுக்குப் பச்சை நிறம் பூசிக்கொண்டு போனால் நேரே பிடிபடுவீர்கள்.

தங்கச்சி, நீங்கள் கேட்ட இரண்டு பேரின் சம்பளம் எந்த நிதிக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. முதலாவதிலேயே அதுதான் கழுத்தை அறுத்திருக்கும் என்று சந்தேகப்படுகிறேன்.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரு புறக்கதை. இப்போது எல்லோரும் கணினியைக் கொண்டு எழுதுவிக்கிறார்கள். பிழை இல்லாத ஆங்கிலம்தான். ஆனால் பத்து விண்ணப்பத்தை அடுக்கி வாசித்தால் பத்தும் ஒரே வீட்டுச் சாம்பார் மாதிரி இருக்கிறதாம், இப்போது அந்தக் கதிரையில் இருக்கும் பிள்ளை சொல்லிச் சிரிக்கிறாள். முதலில் தமிழில் உங்கள் வாயால் எழுதுங்கள். பிறகு யாரைக் கொண்டும் எதைக் கொண்டும் மாற்றுங்கள். மாற்றினதை ஒரு ஆசிரியரிடம் கொடுத்துத் திருப்பித் தமிழில் சொல்லக் கேளுங்கள். ஆறாம் பக்கத்தில் மட்டக்களப்பு இருந்தால் அப்போது பிடிபடும்.

ஒட்டுசுட்டான் செயலாளர்:

அக்கா, இரண்டு கிழமையாக வீடு வீடாகத் திரிந்தேன். 38 இல் 31 வீடு கச்சான் போட்டிருக்கிறது. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 9,400 கிலோ கோதோடு விற்றிருக்கிறோம். நாலு பேரை இருத்தி உடைத்தோம், ஒரு மணித்தியாலத்தில் 8 கிலோ முடிந்தது. பருப்பு ஐந்தரைக் கிலோ. அதில் ஒருவர் எங்கள் தலைவி, நகம் வலிக்குது என்று பேச்சு வேறு.

ஆளுக்கு மணித்தியாலத்துக்கு 2 கிலோ என்று பார்த்தால், எல்லாவற்றையும் கையால் உடைக்க ஒரு ஆளின் கணக்கில் 4,700 மணித்தியாலம் வருகிறது. ஒரு வீட்டுக்கு 150 மணித்தியாலத்துக்கு மேல். அதனால்தான் கோதோடு விற்கிறோம். இதை நான் இதுவரை கணக்காகப் பார்த்ததே இல்லை.

இன்னொன்றும் வெளியே வந்தது. நிலத்தில் காயவைத்து, மாசிப் பனியும் இடையில் ஒரு மழையும் பட்டு, பூஞ்சணம் என்று வியாபாரி கழித்த மூட்டை மட்டும் 11. அவற்றைப் பாதி விலைக்குத்தான் எடுத்தார். இதை ஒருவரும் கூட்டத்தில் சொன்னதில்லை, தங்கள் வீட்டுப் பிழை என்று நினைத்திருக்கிறார்கள்.

மெசின் வைக்க நினைத்தது ஒரு உறுப்பினரின் பெர்மிட் காணியில் (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) ஒரு கொட்டில் போட்டு. கரண்ட் சிங்கிள் பேஸ்.

பரந்தன் அக்கா:

அந்த 4,700 மணித்தியாலம்தான் உங்கள் முதல் பந்தி. அதற்கு மேலே ஒரு வரியும் எழுத வேண்டாம். இரண்டாம் பந்தி 11 மூட்டை.

கொட்டிலை விடுங்கள். தனி ஆளின் பெர்மிட் காணியில் பொதுச் சொத்து என்றால் வாசிக்கிறவர் பேனையை வைத்துவிடுவார். நாளைக்கு அந்தக் குடும்பத்தில் ஒரு கலியாணம், ஒரு சண்டை, மெசின் யாருடையது? ஊரில் பொதுநோக்கு மண்டபம் இருந்தால் அதன் பின்விறாந்தையைக் கேட்டு, விதானையாரிடமும் (கிராம அலுவலர்) பிரதேச செயலகத்திலும் கடிதம் எடுங்கள். அந்தக் கடிதத்துக்கு இன்றைக்கே போங்கள். விண்ணப்பம் ஒரு கிழமையில் எழுதலாம், கையெழுத்து ஒரு மாதம் எடுக்கும். அதே நேரம் உங்கள் சங்கத்தின் பதிவு அந்த நிதிக்குக் காணுமா என்றும் கேட்டுவிடுங்கள். சில வெளிநாட்டு நிதிகள் மாதர் சங்கப் பதிவை ஏற்காது. அப்படியென்றால் பதிவுள்ள ஒரு நிறுவனத்தையோ கூட்டுறவுச் சங்கத்தையோ சேர்த்துக்கொண்டுதான் போக வேண்டும்.

வறுப்பதையும் பை ஒட்டுவதையும் இந்த முறை கேட்காதீர்கள். சாப்பாட்டுப் பொருள் பையில் அடைத்து விற்பதென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், லேபல், திகதி என்று வேறு உலகம். இப்போதைக்கு உங்களுக்கு வேண்டியது தறப்பாளும் உடைக்கும் மெசினும். கேட்கும் காசும் பாதிக்குக் கீழே இறங்கும்.

மெசினுக்குக் கொட்டேசன் எடுக்கும்போது கடைக்காரரின் வாயை நம்பாமல் உங்கள் கச்சானில் ஒரு மூட்டை கொண்டுபோய் அங்கேயே ஓட்டிப் பாருங்கள். அரிதட்டின் கண் உங்கள் கச்சானுக்குப் பொருந்தாவிட்டால் பருப்பு பாதி பாதியாக உடையும், உடைந்த பருப்புக்கு விலை இல்லை. சிங்கிள் பேஸ் மோட்டரா என்றும் பாருங்கள். ஓட்டிப் பார்த்ததையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள், அப்படி எழுதினவர்களை நான் விரல்விட்டு எண்ணலாம்.

வவுனியா கணக்கர்:

பெல்ட் கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லையே தங்கச்சி? கிலோவுக்கு இவ்வளவு என்று உடைகூலி வைத்து, அதைத் தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். வருடத்துக்கு 9,400 கிலோ ஓடினால் எவ்வளவு சேரும் என்று நீங்களே பெருக்கிப் பார்க்கலாம். விண்ணப்பத்தில் அந்தப் பெருக்கலைக் காட்டுங்கள்.

நெடுங்கேணியான்:

உடைகூலி என்றால் எங்கள் ஊர்க் கச்சானும் கொண்டு வரலாமோ? சும்மா கேட்கவில்லை, உண்மையாகத்தான்.

ஒட்டுசுட்டான் செயலாளர்:

வாங்கோ அண்ணா, மெசின் வரட்டும் முதலில். எத்தனை கிலோ கொண்டு வருவீர்கள் என்று உங்கள் சம்மேளனத்தின் கடிதத் தலைப்பில் எழுதித் தந்தால் இணைத்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். கணக்கை வாசிக்கப்போகிறேன். தலைவி தராசைத் தானே தூக்கிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறா, நாலு பேர் உடைத்தது காணாது, பத்துப் பேரை இருத்த வேண்டுமாம்.