ஓனரம்மா சாவி தரமாட்டேங்குறாங்க, பார்ட்டிக்கு வீட்டை எப்படிக் காட்டுறது?

பெருமாள்மலை வாசி:
கொடைக்கானல் நாயுடுபுரத்துல ஒரு பழைய ஓட்டு வீடு, 7 சென்ட். விலை படிஞ்சிருச்சு. அக்ரிமெண்ட் போட்டு 60 நாளைக்குள்ள வேற பார்ட்டிக்குக் கைமாத்தி விடுறதுதான் நம்ம பொழப்பு. சாவின்னு வாயெடுத்ததும் அம்மா எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டாங்க. முன்னாடி ஒரு புரோக்கர்கிட்ட கொடுத்திருக்காங்க. ஆளில்லாத வீடு, 100 யூனிட் இலவச கரண்டைத் தாண்டவே கூடாது, ஆனா பில்லு வந்திருக்கு. போய்ப் பார்த்தா கணப்புல பாதி எரிஞ்ச கட்டை, கட்டில்ல யாரோட கம்பளியோ. சனி ஞாயிறு டூரிஸ்ட்டுக்கு விட்டிருக்கான் பாவி! இப்ப நான் என்ன சொன்னாலும் அந்தக் கம்பளிதான் அவங்க கண்ணு முன்னாடி நிக்குது.

கோத்தகிரி சித்தப்பா:
சாவியக் கேட்காதீங்க தம்பி. அம்மாவே வந்து திறக்கட்டும், அவங்களே பூட்டட்டும். நான் பார்ட்டி இ-பாஸ் (வெளியூர் வண்டி மலைக்கு வர ஆன்லைன்ல எடுக்குற அனுமதி) எடுத்தப்புறம்தான் நேரமே குறிப்பேன். 2024 மே 7-லேர்ந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது வேணுமே. பாஸை அப்படியே ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுவேன்: வண்டி நம்பர், எந்தத் தேதி, எத்தனை பேர், எல்லாம் அதுலயே இருக்கு. சும்மா ஊர் பார்க்க வர்றவனும் கழிஞ்சுபோவான். ஒரே நாள்ல மூணு பார்ட்டி, காலைலயே. மதியத்துக்கு மேல மேகம் இறங்கிட்டா எதிர் மலையே தெரியாது, அப்புறம் வியூன்னு எதைக் காட்டுவீங்க?

பத்திரம் எழுதுறவன்:
வெறும் அக்ரிமெண்ட் சொத்துல எந்த உரிமையும் கொடுக்காது (1882 சொத்து மாற்றுச் சட்டம், 54-ம் பிரிவு). உள்ள நுழையறது ஓனர் சம்மதத்துலதான். 'சுவாதீனம் (வீடு யார் கைவசம்ங்கறது) விற்பவர் வசமே', 'முன்கூட்டிச் சொல்லி, விற்பவர் முன்னிலையில் பார்வையிடலாம்'னு அக்ரிமெண்ட்ல ரெண்டு வரி சேருங்க. 2012 டிசம்பர் 1-லேர்ந்து இங்க கிரய ஒப்பந்தத்தைப் பதிஞ்சாகணும், வில்லங்கத்துல ஏறும். கெடு தாண்டினா ரத்துப் பத்திரம் போட்டுத் தர்றேன்னும் எழுதிக் கொடுங்க. அவங்க பயத்துல பாதி அது.

குன்னூர் பொண்ணு:
வித்தவ சொல்றேன். எங்க வீட்டை வாங்கினது வேற ஆளுன்னு ரிஜிஸ்டர் ஆபீஸ் பெஞ்சுல உக்காந்திருக்கும்போதுதான் தெரிஞ்சது. அப்பா அன்னைக்குச் சாப்பிடவே இல்ல. அக்ரிமெண்ட்ல வர்ற 'என் பேருக்கோ நான் சொல்ற ஆள் பேருக்கோ'ங்கற வரியோட அர்த்தத்தை முதல்லயே அந்தம்மாகிட்ட உடைச்சுச் சொல்லிடுங்க அண்ணா.

பெருமாள்மலை வாசி:
சொல்லிட்டேன். அம்மா ரொம்ப நேரம் வாயே திறக்கல. அப்புறம், "உனக்கு எவ்வளவு நிக்கும்?"னு கேட்டாங்க. அதையும் சொன்னேன். வியாழக்கிழமை பத்து மணிக்கு அவங்களே வந்து திறக்குறாங்களாம். கரண்ட் மீட்டரை இன்னைக்கே போட்டோ எடுத்து வச்சிட்டாங்க.