பெல் அடித்தேன், கயிறு எழும்பியது: சைக்கிளும் நாயும், உங்களுக்கு நடந்தது என்ன?

முட்டிச்சிராய்ப்பு

மூன்று வாரம் ஆகிவிட்டது. இடுப்பு வலி போய்விட்டது, அந்தக் கயிறு மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

நடப்பவர்களும் சைக்கிளும் சேர்ந்து போகிற பாதை. காலை வெயில் எதிரே. ஒருவர் இடது ஓரமாக நடக்கிறார், அவர் நாய் வலது ஓரத்தில் புல்லை மோந்துகொண்டிருக்கிறது. நடுவில் தாராளமாக இடம். ஆளைப் பார்த்தேன், நாயைப் பார்த்தேன், இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்ததைப் பார்க்கவில்லை. இழுத்தால் நீண்டுகொண்டே போகிற அந்த மெல்லிய கயிறுதான், உங்களுக்கே தெரியும்.

பக்கத்தில் வந்து பெல் அடித்தேன். அவர் இடதுபக்கம் ஒதுங்கினார். நாய் தலையைத் தூக்கி வலதுபக்கம் ஒதுங்கியது. இரண்டும் ஒழுங்காகத்தான் ஒதுங்கின. தரையில் கிடந்த கயிறு அப்படியே விறைத்து எழும்பி, வெயிலில் ஒரு வெள்ளைக் கோடாக மின்னியது. அடுத்து நான் தரையில், சைக்கிள் என்மேல், நாய் என் காதை நக்குகிறது. அவர் ஓடி வந்து கேட்ட முதல் கேள்வி: "நாய்க்கு ஒன்றும் ஆகலையே?"

என்னிடமே கேட்டார். நானும் "ஆகலை சார்" என்று பதில் சொன்னேன். ஏன் சொன்னேன் என்றுதான் இன்னும் புரியவில்லை.

காலைநடை

உங்களுக்கு அடிபட்டதில் வருத்தம்தான். ஆனால் "பக்கத்தில் வந்து பெல் அடித்தேன்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு ஐந்தரை மீட்டர். பக்கத்தில் வந்து அடித்தால் அந்த மனிதர் என்ன செய்ய முடியும்?

என்னுடையது 13 வயசு நாய். இரண்டு காதும் போய்விட்டது. குட்டைக் கயிற்றில், ஓரமாகத்தான் கூட்டிப்போவேன். ஒருநாள் பின்னாலிருந்து ஒருவர் பெல்லும் இல்லாமல் வந்து, அதன் வாலை உரசிக்கொண்டு போனார். அது கத்தவில்லை, கடிக்கவில்லை. நின்ற இடத்திலேயே பின்னங்கால் இரண்டும் நடுங்க ஆரம்பித்தது. குனிந்து கையை வைத்தேன், தோலுக்கு அடியில் மோட்டார் ஓடுகிற மாதிரி இருந்தது. அந்த ஆள் திரும்பிப் பார்த்து, "நாய்க்குக் காது கேக்காதா?" என்று கத்திவிட்டுப் போனார்.

"ஆமாம், கேக்காது" என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் தோன்றியது.

ராத்திரிஷிஃப்ட்

கயிறு கட்டிய நாய்க்கே இவ்வளவு பேச்சா? எனக்குக் கயிறே இல்லாத மூன்று.

வேலை முடிந்து நடுராத்திரி வருகிறேன். துரத்த ஆரம்பித்ததும் எல்லாரும் செய்வதையே செய்தேன், உயிரைக் கொடுத்து மிதித்தேன். மிதிக்க மிதிக்க அதுகளுக்கு உற்சாகம். காலைத் தூக்கி கம்பிமேல் வைத்துக்கொண்டேன், வேகம் குறைந்தது, செயின் பக்கமாக ஒன்றின் மூச்சுச் சத்தம் கேட்கிறது. அப்புறம் பயத்தில்தான், புத்தியில் இல்லை, பிரேக்கைப் பிடித்து இறங்கிவிட்டேன். சைக்கிளைக் குறுக்கே வைத்துக்கொண்டு நின்றேன்.

மூன்றும் நின்றுவிட்டன. நடுவில் இருந்தது உட்கார்ந்து காதைச் சொறிய ஆரம்பித்தது. ஓடுகிற சக்கரம் இல்லையென்றால் அதுக்கு வேலையே இல்லை போல. சைக்கிளை உருட்டிக்கொண்டே நாலு வீடு தாண்டினேன், ஒன்றும் பின்னால் வரவில்லை.

சட்டை மட்டும் பிழிகிற அளவுக்கு நனைந்திருந்தது.

பழையபெடல்

எனக்குப் பெரிதாக ஒன்றும் நடந்ததில்லை. ஒரு தடவை கெண்டைக்காலில் பல் பட்டது, அவ்வளவுதான். ஆனால் மேலே எழுதியதையெல்லாம் படித்ததும் சில விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஓட்டுகிறவர்களுக்கு: பெல்லை 30 மீட்டர் தள்ளியே அடியுங்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லையென்றால் இன்னொரு தடவை. ஆளும் நாயும் ஆளுக்கொரு பக்கம் இருந்தால் நடுவில் நுழையவே கூடாது, கயிறு தெரியாவிட்டாலும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நடக்கிற வேகத்துக்குக் குறைத்து, "அண்ணா, வலதுபக்கம் வரேன்" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். வேகமாகப் போய்த் தப்பிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். சாதாரண நாயே கொஞ்ச தூரத்துக்கு 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ராத்திரிஷிஃப்ட் இறங்கி நின்றதுதான் சரி. காலால் உதைக்கப் போனால் முதலில் விழுவது நீங்கள்.

நாய் வைத்திருப்பவர்களுக்கு: நீளும் கயிற்றில் சில ரகம் 8 மீட்டர்வரை போகும். பொதுப்பாதையில் கைப்பிடியில் இருக்கும் பூட்டைப் போட்டுக் குட்டையாக வையுங்கள். நாய் ஓரத்தில், நீங்கள் சைக்கிள் வரும் பக்கத்தில். கயிறை விரலில் சுற்றிக்கொள்ளவே வேண்டாம், நாய் திடீரென்று பாய்ந்தால் விரலுக்குத்தான் ஆபத்து. வீட்டிலேயே பெல் அடித்து உடனே தீனி கொடுத்துப் பழக்கினால், பெல் கேட்டதும் உங்களைத் தேடி வரும்.

பல் பட்டால், கீறல்தான் என்று விடாதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், கடிகாரத்தைப் பார்த்து. கண்ட பொடியையும் அப்பக் கூடாது. அன்றைக்கே மருத்துவரிடம் போய், ரேபிஸ் ஊசி போட்டால் எல்லாத் தவணையையும் முடிக்க வேண்டும். அறிகுறி வந்தபிறகு காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். நான் ஒரு தவணையை ஒருநாள் தள்ளிப்போட்டு வீட்டில் வாங்கிய திட்டு தனிக்கதை.

இன்னொன்று, இது சும்மா. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சில் சைக்கிள்காரர்களுக்காகவே 'வெலோ-டாக்' என்று ஒரு சின்னக் கைத்துப்பாக்கி விற்றார்கள். துரத்துகிற நாயைச் சுட! மிளகாய்ப்பொடி அடைத்த தோட்டாவும் இருந்ததாம். நம் சண்டை அவ்வளவு பழசு.

ராத்திரிஷிஃப்ட்

பல் பட்ட கதையை ஒரு வரியில் முடித்துவிட்டு துப்பாக்கிவரை போய்விட்டீர்களே சார். அந்த நாய் யாருடையது, அதைச் சொல்லுங்கள்.

பழையபெடல்

என் மாமனாருடையது. அதனால்தான் ஒரு வரி.

இரண்டுவால்

பெல் அடித்துத் தீனி கொடுக்கும் யோசனையை நான் செய்து பார்த்தவள். நன்றாகவே பழகிவிட்டது. எந்த அளவுக்கு என்றால், இப்போது யார் பெல் அடித்தாலும் அந்த சைக்கிள் முன்னால் போய் உட்கார்ந்து வாயைப் பார்க்கிறது. போன வாரம் ஒரு பள்ளிக்கூடப் பையன் பிரேக் போட்டு நின்று, பையைத் துழாவி, "என்கிட்ட ஒண்ணுமில்லையே" என்று அதனிடம் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். தீனியை நம் காலடியில் வைத்துத்தான் கொடுக்க வேண்டுமாம். நான் சைக்கிள் பக்கத்தில் நின்று கொடுத்துவிட்டேன். இதையும் யாராவது முன்னாடியே எழுதியிருக்கலாம்.

முட்டிச்சிராய்ப்பு

காலைநடை, நீங்கள் சொன்னது உறைத்தது. ஒப்புக்கொள்கிறேன், ஐந்து மீட்டர்கூட இருந்திருக்காது.

இன்று காலை அதே ஆள், அதே நாய். தூரத்திலேயே பெல் அடித்தேன். அவர் கைப்பிடியில் எதையோ அழுத்தினார், 'டிக்' என்று சத்தம், நாய் அவர் காலோடு ஒட்டிக்கொண்டது. நான் இறங்கி உருட்டிக்கொண்டே போனேன். நாய் வாலை ஆட்டியது. அவர் என்னைப் பார்த்து, "சைக்கிள் புதுசா?" என்றார்.

"ஆமா சார்" என்றேன். பழைய சைக்கிள்தான், முன்சக்கரம் மட்டும் மாற்றியிருக்கிறேன்.