'பௌட்லரைஸ்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கேள்வி:
ஆங்கில நாடகம் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். 'பௌட்லரைஸ்' (ஒரு நூலில் கூச்சம் தரும் பகுதிகளை வெட்டுவது, மாற்றுவது) என்ற வினைச்சொல்லில் இரண்டு நாளாக நிற்கிறேன். 'தணிக்கை செய்தல்' என்று எழுதினேன். வங்கியில் வேலை பார்க்கும் என் அக்கா, "இது என்ன, ஆடிட்டா?" என்று கேட்டுவிட்டார். வேறு சொல் உண்டா?

மறுமொழி 1:
முப்பது வருடம் கல்லூரியில் ஷேக்ஸ்பியர் நடத்தியவள் நான். தணிக்கை இங்கே பொருந்தாது. அது அதிகாரத்தில் இருப்பவர் செய்வது. தாமஸ் பௌட்லர் ஒரு மருத்துவர், ஷேக்ஸ்பியர்மேல் உண்மையிலேயே பிரியம் வைத்தவர். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, உரக்கப் படித்தால் சங்கடம் வரக்கூடாது என்று வரிகளை வெட்டி, 1818இல் பத்துத் தொகுதிகளாக 'குடும்ப ஷேக்ஸ்பியர்' வெளியிட்டார். அதற்கு முன்பே, 1807இல், 20 நாடகங்களை இப்படி வெட்டிப் பதிப்பித்தது அவருடைய அக்கா ஹென்ரியெட்டா. அதில் அவர் பெயரே இல்லை. சொல்லும் தம்பியின் பெயரில்தான் நிலைத்தது. எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு வகுப்பில் ஒரு வரி காட்டுவேன். 'மக்பெத்' நாடகத்தில், அரசனைக் கொல்லக் கணவனைத் தூண்டிய லேடி மக்பெத், கையில் இன்னும் ரத்தக்கறை இருப்பதாக நினைத்துத் தூக்கத்தில் கையைத் தேய்த்துக்கொண்டு, "போய்த்தொலை, பாழாய்ப்போன கறையே" என்பாள். பௌட்லர் பதிப்பில் அது "செந்நிறக் கறையே" ஆகிவிட்டது. மூலத்தில் இருப்பது நரகத்துக்குப் போகச் சபிக்கும் சொல். சற்று நேரத்தில் அவளே "நரகம் இருண்டது" என்கிறாள். சாபத்தை எடுத்துவிட்டால் அந்தப் பயம் எங்கிருந்து வரும்? வெறும் நிறம்தான் மிச்சம். 'நான்காம் ஹென்றி' இரண்டாம் பாகத்தில் டால் டேர்ஷீட் என்ற விலைமாதின் பாத்திரத்தையே தூக்கிவிட்டார்கள்.

மறுமொழி 2:
சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வதற்கு நன்னூலில் இருக்கும் 'இடக்கரடக்கல்' சரியாக வருமே?

மறுமொழி 1:
அழகான சொல், ஆனால் இங்கே வேண்டாம். "கால் கழுவி வந்தேன்" என்று நான் சொன்னால் அது என் வாயை நானே அடக்கிக்கொள்வது. பௌட்லர் அடக்கியது இன்னொருவர் வாயை, அதுவும் அவர் செத்து 200 வருடம் கழித்து. 'கூச்சத்துக்காகக் கத்தரித்தல்' என்று போடுங்கள். 'கத்தரித்த பதிப்பு' என்றால் யாருக்கும் புரியும்.

கேட்டவர்:
நன்றிம்மா. முதல் இடத்தில் 'பௌட்லர் பாணியில் கத்தரித்த' என்று எழுதி, அக்கா தம்பி கதையை அடிக்குறிப்பில் போட்டுவிட்டேன். ஹென்ரியெட்டா பெயரை முதலில் வைத்திருக்கிறேன்.