புதுப்பிப்பு: தம்பிக்கு மெக்கானிக்கல் வால்வுதான் வைத்தோம்

உசிலம்பட்டிப் பக்கம் இருக்கும் என் தம்பிக்கு (வயது 41, சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மிட்ரல் வால்வு பழுது) மெக்கானிக்கல் வால்வா (கார்பன், உலோகத்தில் செய்தது), திசு வால்வா (மாடு, பன்றியின் திசுவில் செய்தது) என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மதுரையில் ஆபரேஷன் முடிந்து வீட்டில் நன்றாக இருக்கிறான்.

முடிவெடுக்க வைத்தது இங்கே ஒரு அண்ணன் கேட்ட கேள்விதான்: "நாடி சீராக ஓடுகிறதா?" ஈசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுவது, இதனால் இதயத்துக்குள் ரத்தம் உறையலாம்) இருந்தது. எந்த வால்வு வைத்தாலும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தொடர வேண்டும் என்றார் டாக்டர். அந்த மாத்திரை இல்லாமல் இருக்கலாம் என்பதுதானே திசு வால்வின் பெரிய லாபம்? அந்த லாபம் இவனுக்கு இல்லை. திசு வால்வு 10, 15 வருடத்தில் கெட்டும் போகும். வயது குறைவென்றால் இன்னும் சீக்கிரம். மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டிவரும். குழந்தை பெற நினைக்கும் பெண்களுக்கும், 65 தாண்டியவர்களுக்கும் கணக்கே வேறு. எங்கள் முடிவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் மாத்திரை, ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை அளவு) 2.5 முதல் 3.5க்குள் இருக்க வேண்டும். ஊருக்குப் பக்கத்து லேபிலேயே பார்த்துவிடுகிறோம்.

கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்பதால், முருங்கைக்கீரையை அறவே ஒதுக்கச் சொல்வார்கள் என்று நினைத்தோம். அளவு மாறாமல் சாப்பிடலாம், திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது என்றார்கள். டாக்டரைக் கேட்காமல் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கவே கூடாது. பல் பிடுங்குவதற்கு முன் ஆன்டிபயாடிக் அவசியம்.

யாரும் சொல்லாத ஒன்று: ராத்திரி அமைதியில் வால்வு மூடும் 'டிக்' சத்தம் கேட்கிறது. அம்மா பயந்தே போனார். அது இயல்புதான், சத்தம் மங்கினால்தான் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டுமாம்.