நன்னீர் கூடினால் களப்பு ஏன் கெடுகிறது? (புந்தல பற்றி ஒரு சந்தேகம்)

பூனாகலை டீச்சர்:
வணக்கம். பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பிள்ளைகளை இலங்கையின் தெற்குக் கரையில் உள்ள புந்தல பூங்காவுக்குக் கூட்டிப்போக யோசனை. வகுப்பில் அதைப் பற்றிப் பேசும்போது, வயல் தண்ணீர் வந்து அங்கே களப்புகள் (கடலோரத்து உப்புநீர் ஏரிகள்) கெட்டுப்போயின என்று சொன்னேன். உடனே ஒரு பையன், "டீச்சர், உப்புத் தண்ணிக்குள்ள நல்ல தண்ணி போனா நல்லதுதானே?" என்று பிடித்துக்கொண்டான். இதை ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு விளங்கும்படி எப்படிச் சொல்வது? இன்னொன்று, நம் தோட்டத்து ஓடை உண்மையிலேயே அந்தப் பக்கம்தான் போகிறதா? பூநாரை பார்க்கலாமா என்றும் கேட்டு உயிரை எடுக்கிறார்கள்.

வாய்க்கால் ஐயா:
டீச்சர், ஓடையை முதலில் பார்ப்போம். பூனாகலை ஓடைதான் தியலும நீர்வீழ்ச்சியாக விழுந்து, குடா ஓயாவில் சேர்ந்து, அப்புறம் கிரிந்தி ஓயா ஆற்றுக்குப் போகிறது. கிரிந்தி ஓயாவை 1980களில் லுணுகம்வெஹெரவில் மறித்துக் குளம் கட்டினார்கள். ஆறு கடலில் விழுவது கிரிந்தைப் பக்கம், களப்புக்குள் அது போவதில்லை. குளத்தின் வலதுகரை வாய்க்காலில் வயலுக்குப் பாய்ந்து மிஞ்சுகிற தண்ணீர்தான் எம்பிலிகல களப்பில் வடிகிறது, அங்கிருந்து மலல களப்புக்கு. மலலவுக்குப் பதகிரியக் குளத்து வயல்களின் வடிகாலும் வருகிறது.

இனிப் பையனின் கேள்வி. வரண்ட பிரதேசத்துக் களப்புக்கு வருடத்தில் இரண்டு முகம். வருடக் கடைசியில் வரும் பெரும்போக மழையில் நீர் ஏறி, வாயை அடைத்திருக்கும் மணல் திட்டு உடைந்து, கடலும் களப்பும் ஒன்றாகும். இறால் முட்டையிடுவது கடலில், அதன் குஞ்சு வளர்வது களப்பில், அதனால் அந்த வாய் திறக்கிற காலம் அதற்கு முக்கியம். மே, ஜூனுக்குப் பிறகு களப்பு வற்றி உப்பு ஏறும். அங்கே உள்ள உயிர்கள் எல்லாம் இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகியவை. வரண்ட மாதங்களில் வரும் இரண்டாம் போகமான சிறுபோகத்துக்கும் வயல் விதைக்கத் தொடங்கியதும், வற்ற வேண்டிய மாதங்களிலும் நன்னீர் வந்துகொண்டே இருந்தது. உப்பு இறங்கியது. இறால் கிடைத்த இடத்தில் இப்போது வலையில் நன்னீர் மீனான திலாப்பியா.

பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, நாக்கால் நீரை இழுத்து வெளியே தள்ளும். அலகோரத்துச் சீப்புப் போன்ற வரியில் தங்குகிற பொடி இறாலும் பாசியும் பூச்சிப் புழுவும்தான் அதற்குச் சாப்பாடு. அவை உப்பான, முழங்கால் ஆழம்கூட இல்லாத தண்ணீரில்தான் மண்டும். ஆழம் கூடி, மீன் பெருகி, கரையில் சம்புப் புல் முளைத்தால் அதற்கு அங்கே என்ன வேலை? ஒரு காலத்தில் புந்தலவுக்கு ஆயிரக்கணக்கில் வந்த பறவை, இப்போது தென்பட்டால் அதிர்ஷ்டம்.

கெப்பட்டிபொல கிழங்கு:
ஐயா ஒன்றை விட்டுவிட்டார். 2024 ஏப்ரலில் திறந்த உமா ஓயாத் திட்டத்தில், எங்கள் வெலிமடைப் பக்கத்துத் தண்ணீரை மறித்து, மலையைக் குடைந்து இறக்கி, 120 மெகாவாட் மின்சாரம் எடுத்த பிறகு கிரிந்தி ஓயாப் பக்கம்தான் விடுகிறார்கள். முன்பு அது மகாவலிக்குப் போன தண்ணீர். உமா ஓயா சும்மா தண்ணீரையா கொண்டுபோகும்? ரந்தம்பே நீர்த்தேக்கத்தைத் தூர்த்ததில் அதற்குப் பெரிய பங்கு. மேட்டு நிலத்தில் சரிவோடு பாத்தி இழுத்தால் ஒரு மழைக்கே மேல்மண் சிவப்பாக ஓடும், போட்ட உரமும் கூடவே போகும். சேறு பாதியிலேயே அணைக்கட்டுகளில் படியலாம், கரைந்த உரம் எங்கே நிற்கும்?

ஆனால் மரக்கறிக்காரனைத் திட்டிவிட்டுப் போகாதீர்கள். குறுக்கே பாத்தி போடு என்று அதிகாரிகள் சொல்கிறார்கள், சரி, போட்டால் மழைக்குத் தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகுகிறது. அதற்கு ஒழுங்கான வடிகாலும் கல் அணையும் வேண்டும். அடுத்த போகம் யாருக்கோ போகப்போகிற குத்தகை நிலத்தில் எவன் அந்தச் செலவைச் செய்வான்?

மட்டக்களப்பு மருமகன்:
கட்டியது ஹட்டனில், பிறந்தது மட்டக்களப்பில், அதனால் இரண்டு வார்த்தை. எங்கள் ஊரில் வெள்ளம் வந்தால் முகத்துவாரத்தை வெட்டு என்று வயல்காரர்கள் நிற்பார்கள், இப்போது வெட்டாதே என்று மீன்பிடிக்காரர்கள் நிற்பார்கள், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும். வெட்டுகிற நேரம் பிசகினால் களப்பு வேகமாக வடிந்து குஞ்சு மீன் கடலுக்குப் போய்விடும். ஒடிசாவில் உள்ள சிலிகா ஏரியில் சிக்கல் வேறு விதம். அங்கே கடல்வாய் தூர்ந்து உப்புக் குறைந்து நன்னீர்ப் பூண்டு மூடியது. 1993இல் ஆபத்தில் உள்ள ராம்சார் ஈரநிலங்களின் (சர்வதேச ஒப்பந்தத்தில் முக்கியமானவை என்று குறித்த ஈரநிலங்கள்) பட்டியலில் சேர்த்தார்கள். 2000இல் புதிய வாய் வெட்டியதும் உப்பு திரும்பியது, மீனும் கூடியது, 2002இல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். புந்தலவில் வாயை மட்டும் வெட்டிப் பயன் கிடைக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான், மேலிருந்து வருகிற குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிற கதை.

பூனாகலை டீச்சர்:
இவ்வளவு விளக்கத்துக்கு எல்லோருக்கும் நன்றி. புந்தல 1990இல் இலங்கையின் முதல் ராம்சார் ஈரநிலம், 1993இல் தேசிய பூங்கா என்று புத்தகத்தில் இருக்கிறது. அவ்வளவு பாதுகாப்பு இருந்தும் ஏன் தடுக்க முடியவில்லை?

வாய்க்கால் ஐயா:
பூங்காவுக்கு எல்லைக்கல் உண்டு, வடிகாலுக்கு இல்லை. வேட்டையையும் விறகு வெட்டுவதையும் வனஜீவராசிகள் திணைக்களம் தடுக்கலாம், வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் விடுவது என்பது நீர்ப்பாசனத்தார் கையில். 1981ஆம் ஆண்டின் கரையோரச் சட்டமும் கரையிலிருந்து 300 மீற்றர், கடலோடு சேர்ந்த களப்பென்றால் 2 கிலோமீற்றர் வரைதான் எட்டும். லுணுகம்வெஹெர வயல் அதற்கு வெளியே, வெலிமடை எங்கோ. என் கருத்தில், சிறுபோகத்தில் வயலுக்கு அளந்து தண்ணீர் விட்டு, வடிகாலைக் களப்பைச் சுற்றித் திருப்பிவிட்டால் பாதி வேலை முடியும். செலவு இருக்கிறது, மறுக்கவில்லை.

பயணத்துக்கு: எல்ல, வெல்லவாய, தனமல்வில வழியாக பஸ்ஸை விடச் சொல்லுங்கள். லுணுகம்வெஹெரவில் குளத்தையும் வீரவில பக்கத்தில் வயலையும் வடிகாலையும் காட்டிவிட்டு, பிறகு களப்புக்குப் போனால் பையனுக்கு நீங்கள் விளக்கவே தேவையில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் நிறைய இருக்கும். பூநாரைக்கு மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அதைத்தான் பார்க்க வேண்டும் என்றால் மன்னாரில் வங்காலைப் பக்கம் போகவேண்டும், அது ஒரு நாளில் போய் வருகிற தூரம் இல்லை.